இரும்பு மாலிப்டேட் கேட்டலிஸ்ட்: லேபில் செய்து மெத்தனாலில் ஓட்டிப் பார்ப்பது எப்படி

மெத்தனால் ஆவியை ஒரு உலோக ஆக்ஸைடு மேல் அனுப்பினால் என்ன வெளியே வரும் என்பது முழுக்க அந்த ஆக்ஸைடைப் பொறுத்தது. காமா அலுமினா மாதிரி அமிலத்தன்மை உள்ளதாக இருந்தால் தண்ணீர் பிரிந்து டைமெத்தில் ஈதர் வரும். வெறும் இரும்பு ஆக்ஸைடில் காற்றோடு சேர்த்து அனுப்பினால் எரிந்து கார்பன் டை ஆக்ஸைடாகப் போய்விடும். மாலிப்டினம் ட்ரை ஆக்ஸைடில் ஃபார்மால்டிஹைடு வரும், ஆனால் மெதுவாக வரும். இந்தக் கடைசி இரண்டையும் சேர்த்து இரும்பு மாலிப்டேட் கேட்டலிஸ்டாக (வினையூக்கியாக) செய்தால் வேகமும் கிடைக்கிறது, ஃபார்மால்டிஹைடும் கிடைக்கிறது என்று ஆட்கின்ஸும் பீட்டர்சனும் 1931-லேயே எழுதிவிட்டார்கள். பிளைவுட், எம்.டி.எஃப் பலகைகளை ஒட்டும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசைக்கான மூலப்பொருளைப் பாதி உலகம் இன்றும் இந்த வழியில்தான் செய்கிறது. மீதிப் பேர் வெள்ளி கேட்டலிஸ்டில் 600 டிகிரிக்கு மேல் ஓட்டுகிறார்கள், அது வேறு கதை.

இது எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டிலோ பிஎச்.டி. முதல் வருடத்திலோ இருப்பவர்களுக்காக எழுதுவது. பேப்பர்களில் செய்முறைப் பகுதி நாலு வரியில் முடிந்துவிடும், அதை நம்பி உட்கார்ந்தால் எங்கே தவறுகிறது என்றே தெரியாது. ஒரே ஒரு விஷயத்தை ஆரம்பத்திலிருந்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த கேட்டலிஸ்டில் எந்தப் படியிலும் கேட்க வேண்டிய கேள்வி "மாலிப்டினம் எங்கே போகிறது?" என்பதுதான். எடை போடும்போது, வடிகட்டும்போது, சுடும்போது, ஓட்டும்போது, எல்லா இடத்திலும் அது நழுவப் பார்க்கும். அது போன இடத்தில் இரும்பு வெளியே தெரியும், இரும்பு தெரிந்தால் மெத்தனால் எரியும்.

இரும்பு மாலிப்டேட் என்ற சேர்மத்தில் இரண்டு இரும்புக்கு மூன்று மாலிப்டினம், அதாவது விகிதம் 1.5. சரி, அப்படியே 1.5-க்கு எடை போட்டால் போதாதா என்றால், போதாது. செய்யும்போது கொஞ்சம் போகும், ஓட்டும்போது இன்னும் போகும், அப்புறம் மேற்பரப்பில் மாலிப்டினம் மூடியிருந்தால்தான் ஃபார்மால்டிஹைடு பக்கம் நிற்கும். அதனால் தொழிற்சாலைக்காரர்களும் 2-க்கு மேல்தான் வைக்கிறார்கள். நான் 2.2 வைக்கச் சொல்வேன். ஒப்பிட்டுப் பார்க்க 1.5-இல் ஒன்று, வெறும் இரும்பு ஆக்ஸைடு ஒன்று, வெறும் மாலிப்டினம் ட்ரை ஆக்ஸைடு ஒன்று, இந்த மூன்றையும் கூடவே செய்துவிடுங்கள். இவை இல்லாமல் முடிவுகளை வைத்துப் பேசவே முடியாது.

ஒரு பேட்சுக்குக் கணக்கு இது. ஒன்பது நீர் மூலக்கூறு உள்ள ஃபெர்ரிக் நைட்ரேட் 20.2 கிராம், அதில் 0.05 மோல் இரும்பு. அம்மோனியம் ஹெப்டாமாலிப்டேட் (நாலு நீர் உள்ளது) 19.4 கிராம், அதில் 0.11 மோல் மாலிப்டினம். எதுவும் வீணாகவில்லை என்றால் சுட்ட பிறகு 19.8 கிராம் ஆக்ஸைடு வர வேண்டும், அதில் 14.8 கிராம் இரும்பு மாலிப்டேட், மீதி 5 கிராம் தனி மாலிப்டினம் ட்ரை ஆக்ஸைடு. இந்த எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள், கடைசியில் தராசில் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும்.

ஃபெர்ரிக் நைட்ரேட் பாட்டிலைத் திறந்ததும் ஒரு விஷயம் கவனியுங்கள். நல்லதாக இருந்தால் வெளிறிய ஊதா நிறத்தில் படிகமாக இருக்கும். பல பேர் திறந்து மூடிய பாட்டில் என்றால் ஓரமெல்லாம் ஈரமாகி பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும், காற்றில் உள்ள ஈரத்தை அப்படி இழுக்கும் உப்பு அது. அதை எடை போட்டால் இரும்பு குறைவாகவும் தண்ணீர் அதிகமாகவும் போடுகிறீர்கள் என்று அர்த்தம். அவனில் காயவைக்கலாமே என்று தோன்றும், வேண்டாம், 47 டிகிரியிலேயே உருகிவிடும். நல்ல வழி, கரைசலாகப் போட்டு அதில் இரும்பு எவ்வளவு என்று டைட்ரேஷனிலோ ஐ.சி.பி.யிலோ (தனிமங்களின் அளவு சொல்லும் கருவி) பார்த்து, அந்த எண்ணை வைத்து மாலிப்டேட்டைக் கணக்கிடுவதுதான்.

மாலிப்டேட்டை 200 மி.லி. தண்ணீரில் கரைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 2-க்கு அருகில் கொண்டுவாருங்கள். மொத்தமாக ஊற்றினால் விழுந்த இடத்தில் வெள்ளையாகத் திரளும். 60 டிகிரியில் நன்றாகக் கலக்கிக்கொண்டே, 100 மி.லி. தண்ணீரில் கரைத்த இரும்புக் கரைசலை இதற்குள் மெதுவாக விட வேண்டும். இரும்புக்குள் மாலிப்டேட்டை விடக் கூடாது, மாலிப்டேட்டுக்குள் இரும்பை விட வேண்டும். அப்போதுதான் விழுகிற ஒவ்வொரு இரும்பையும் சுற்றி மாலிப்டினம் மிகுதியாக இருக்கும். மஞ்சளாக வீழ்படிவு வரும். பழுப்போ செம்பழுப்போ தெரிந்தால் பி.எச். ஏறிவிட்டது, இரும்பு ஹைட்ராக்சைடாகத் தனியாக இறங்குகிறது. அந்த பேட்சைத் தொடர்வதில் பயனில்லை. சரியாக வந்தால் மூன்று மணி நேரம் அதே சூட்டில் கலக்கிக்கொண்டே விடுங்கள்.

இங்கே பாதை இரண்டாகப் பிரியும். வடிகட்டிக் கழுவினால் பொருள் சுத்தமாக இருக்கும், ஆனால் மாலிப்டினத்தில் ஒரு பங்கு கரைசலோடு போய்விடும். அதாவது நீங்கள் 2.2 என்று போட்டது 2.2 ஆக இருக்காது. அப்படியே வற்றவிட்டால் விகிதம் மாறாது, ஆனால் உள்ளே அம்மோனியம் நைட்ரேட் மொத்தமும் தங்கும். மேலே சொன்ன அளவுக்கு அது ஏழரை கிராம், பி.எச். சரிசெய்ய அம்மோனியா சேர்த்திருந்தால் இன்னும் அதிகம். அம்மோனியம் நைட்ரேட் 200 டிகிரி தாண்டியதும் சிதையும், கெட்டியாகக் குவித்து வைத்தால் வேகமாகச் சிதையும். இதை யாரும் பேப்பரில் எழுதுவதில்லை. வற்றவைக்கும் வழியை எடுத்தால் சின்ன அளவில், அகலமான பீங்கான் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஃப்யூம் ஹூடுக்குள் வைத்து, 200-இலிருந்து 250 வரை மிக மெதுவாக ஏற்றுங்கள். பழுப்புப் புகை வந்தால் அது நைட்ரஜன் ஆக்ஸைடு, மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். முதல் தடவை செய்பவர் வடிகட்டும் வழியிலேயே போங்கள், கிடைத்த பொருளின் உண்மையான விகிதத்தை அளந்துகொண்டால் போதும். பேப்பரில் "விகிதம் 2.2" என்று எழுதியிருப்பது போட்ட அளவா, அளந்த அளவா என்று தெளிவாகச் சொல்லாத ஆட்களின் முடிவுகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

120 டிகிரியில் ராத்திரி முழுக்கக் காயட்டும். அப்புறம் காற்றோட்டத்தில், நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் ஏற்றி, 250-இல் ஒரு மணி நேரம் நிறுத்தி, 450-இல் நாலைந்து மணி நேரம் வைத்து எடுங்கள். இன்னும் நன்றாகப் படிகமாகட்டும் என்று 600, 650 வரை போகிறவர்கள் உண்டு. அங்கே மாலிப்டினம் ட்ரை ஆக்ஸைடு ஆவியாகத் தொடங்கும், ஃபர்னஸ் கதவோரம் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்க்கலாம். துகள்களும் ஒன்றோடொன்று ஒட்டி, ஏற்கெனவே கிராமுக்குப் பத்து சதுர மீட்டர்கூடத் தேறாத பரப்பு இன்னும் சுருங்கும்.

வெளியே எடுத்ததும் பச்சை கலந்த மஞ்சளாக இருக்க வேண்டும். செம்மண் நிறம் ஓரத்தில் தெரிந்தாலும் இரும்பு ஆக்ஸைடு இருக்கிறது. எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிரைப் பட்டுச் சிதறவிட்டு எந்தப் படிகம் என்று காணும் முறை) எடுக்கும்போது எல்லாரும் 23 டிகிரி கோணத்துப் பக்கம் உள்ள பெரிய கோட்டைப் பார்த்து சந்தோஷப்படுவார்கள், ஆனால் அங்கே இரும்பு மாலிப்டேட்டும் மாலிப்டினம் ட்ரை ஆக்ஸைடும் (23.3) நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். தனி மாலிப்டினம் இருக்கிறதா என்று தெரிய 12.8-ஐப் பாருங்கள், இரும்பு ஆக்ஸைடுக்கு 33.2-ஐப் பாருங்கள். 12.8 கோட்டின் உயரத்தை வைத்து அளவு சொல்லிவிடாதீர்கள், இந்தப் படிகங்கள் தட்டைத் தட்டையாகப் படுத்துக்கொள்வதால் அது ஊதிப்போய்க் காட்டும். ராமன் (லேசர் ஒளி சிதறுவதை வைத்துச் சேர்மத்தை அடையாளம் காணும் முறை) வசதி இருந்தால் இன்னும் நல்லது. மாலிப்டினம் ட்ரை ஆக்ஸைடு 819, 995 செ.மீ.⁻¹-இல் வரும், இரும்பு மாலிப்டேட்டின் பெரிய கோடு 782-க்குப் பக்கத்தில் வரும், இரண்டும் கண்ணுக்குத் தெரியப் பிரிந்து நிற்கும்.

இனி ரியாக்டர். ஸ்டீல் குழாய் வேண்டாம், சூடான உலோகச் சுவரே ஃபார்மால்டிஹைடை உடைக்கும். உள்விட்டம் எட்டு மி.மீ. அளவில் குவார்ட்ஸ் குழாய் எடுங்கள். கேட்டலிஸ்டை வில்லையாக அழுத்தி, உடைத்து, 250 முதல் 500 மைக்ரான் வரை சலித்து, 0.2 கிராம் எடுத்து, அதே அளவில் சலித்த சிலிக்கன் கார்பைடு ஒரு கிராமுக்குக் குறையாமல் கலந்து நிரப்புங்கள். கலக்காமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு: ஒரு மோல் மெத்தனால் ஃபார்மால்டிஹைடாக மாறும்போது 156 கிலோஜூல் சூடு வருகிறது. வாயுவில் 5 சதவீதம் மெத்தனால் இருந்து, அந்தச் சூடு எங்கும் போகாமல் வாயுவிலேயே தங்கினால் வெப்பம் 250 டிகிரி ஏறும். ஃபர்னஸ் 280 காட்டும், கேட்டலிஸ்ட் துகளின் சூடு உள்ளுக்குள் எங்கேயோ இருக்கும். நீங்கள் 280-க்கு என்று கிராஃப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அதனால் தெர்மோகப்பிள் முனை கேட்டலிஸ்டுக்கு நடுவிலேயே இருக்கட்டும், ஃபர்னஸ் எண்ணுக்கும் இதற்கும் அஞ்சு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் இன்னும் நீர்த்துப் போடுங்கள்.

மெத்தனாலை உள்ளே அனுப்ப சாச்சுரேட்டர் (வாயுவைத் திரவத்துக்குள் குமிழியிட்டு அதன் ஆவியை ஏற்றும் பாட்டில்) போதும், ஆனால் இந்த இடத்தில் அலட்சியம் கூடாது. காற்றில் மெத்தனால் 6 சதவீதத்திலிருந்து 36 சதவீதம் வரை தீப்பிடிக்கும். நம்ம ஊர் லேபில் அறை வெப்பம் 30 டிகிரி, அந்தச் சூட்டில் காற்றை நேராக மெத்தனாலுக்குள் குமிழியிட்டால் 21 சதவீதம் வரும். அதாவது சரியாக வெடிக்கும் எல்லையின் நடுவில் நிற்கிறீர்கள். ஐஸ் தண்ணீரில், 0 டிகிரியில் வைத்தால் 4 சதவீதம்தான். ஆகவே நைட்ரஜனை மட்டும் மெத்தனாலுக்குள் அனுப்புங்கள், இரண்டு பாட்டில் வரிசையாக வைத்து இரண்டாவதை ஐஸில் வையுங்கள், ஆக்ஸிஜனை அதற்கு அப்புறம், பின்னோக்கி வராதபடி வால்வ் போட்டுக் கலந்துகொள்ளுங்கள். கடைசிக் கலவையில் ஆக்ஸிஜன் 10 சதவீதம் வந்தால் மெத்தனால் 3.6 சதவீதம் இருக்கும். மொத்தம் நிமிடத்துக்கு 100 மி.லி. ஓட்டலாம்.

மெத்தனால் என்றதும் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் 2024 ஜூன் கள்ளக்குறிச்சிதான் ஞாபகம் வரும், அறுபது பேருக்கு மேல் போனார்கள். லேபில் இருப்பதும் அதே பொருள்தான். பூட்டிய அலமாரி, ஸ்டாக் ரெஜிஸ்டர், கையெழுத்து, இதையெல்லாம் தொல்லை என்று நினைக்காமல் செய்யுங்கள். ஃபார்மால்டிஹைடும் லேசுப்பட்டது இல்லை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் இருக்கிறது. வெளியேறும் வாயு தண்ணீர் பாட்டில்கள் வழியாக ஹூடுக்குள்தான் போக வேண்டும்.

ரியாக்டரிலிருந்து ஜி.சி. (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப்) வரை உள்ள குழாய் முழுவதையும் 120 டிகிரியில் சூடாக வையுங்கள். வால்வ், ஃபிட்டிங், முழங்கை மாதிரி திரும்பும் இடங்கள் எல்லாவற்றுக்கும் ஹீட்டிங் டேப் சுற்ற வேண்டும். ஒரு இன்ச் குளிர்ந்த இடம் கிடைத்தால் போதும், ஃபார்மால்டிஹைடு அங்கே வெள்ளை மாவாக, பாராஃபார்மால்டிஹைடாக உறைந்துவிடும். முதலில் கார்பன் கணக்கு (உள்ளே போன கார்பனோடு வெளியே வந்ததை ஒப்பிடுவது) குறையும், அப்புறம் அழுத்தம் ஏறும், அப்புறம் லைன் அடைத்துக்கொள்ளும். கணக்கு உதைக்கிறதே என்று ஜி.சி.யை நோண்டுவதற்கு முன்னால் குழாயைக் கையால் தடவிப் பார்த்து (கையுறையோடு) எங்கே ஆறியிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

ஜி.சி.யில் எஃப்.ஐ.டி. (சுடரில் எரித்துப் பார்க்கும்) டிடெக்டர் ஃபார்மால்டிஹைடைக் கிட்டத்தட்டப் பார்க்கவே பார்க்காது, கார்பன் மோனாக்ஸைடையும் பார்க்காது. டி.சி.டி. (வாயு சூட்டைக் கடத்துவதை வைத்துப் பார்க்கும் டிடெக்டர்) வேண்டும். அது இல்லாத கல்லூரியா, பரவாயில்லை, பழைய சோடியம் சல்ஃபைட் டைட்ரேஷன் இருக்கிறது. வெளிவரும் வாயுவை ஐஸில் வைத்த இரண்டு தண்ணீர் பாட்டிலில் அரை மணி நேரம் பிடியுங்கள். மேலே சொன்ன ஓட்டத்தில் முழு மெத்தனாலும் மாறினால் சுமார் 4.5 மில்லிமோல் ஃபார்மால்டிஹைடு சேரும். சோடியம் சல்ஃபைட் சேர்த்தால் ஒவ்வொரு ஃபார்மால்டிஹைடுக்கும் ஒரு சோடியம் ஹைட்ராக்சைடு வெளிவரும், அதைத் தைமால்ஃப்தலீன் நீலம் மறையும்வரை அமிலத்தால் டைட்ரேட் செய்யுங்கள். 0.1 நார்மல் அமிலம் 1 மி.லி.க்கு 3 மில்லிகிராம் ஃபார்மால்டிஹைடு. சல்ஃபைட் கரைசலே காரத்தன்மை உள்ளது, அதை முதலில் அதே இண்டிகேட்டருக்குச் சமன் செய்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்டலிஸ்ட் பிரமாதம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

ஓட்டும் வரிசை இதுதான். கேட்டலிஸ்ட் இல்லாமல் சிலிக்கன் கார்பைடு மட்டும் போட்டு ஒரு முறை, 350 டிகிரி வரை. அப்புறம் கேட்டலிஸ்ட் போட்டு, ஆக்ஸிஜன் கலந்த நைட்ரஜனில் 400-இல் ஒரு மணி நேரம். 200-க்கு இறக்கிய பிறகு மெத்தனால். 20 டிகிரிப் படிகளாக 340 வரை, ஒவ்வொரு படியிலும் எண்கள் அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள். நிறுத்தும்போது முதலில் மெத்தனாலை மூடுங்கள், ஆக்ஸிஜன் அரை மணி நேரம் தொடரட்டும். ஆக்ஸிஜனை முதலில் மூடினால் மெத்தனால் கேட்டலிஸ்டிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். இந்த வினை நடப்பதே அப்படித்தான், ஃபார்மால்டிஹைடோடு வெளியேறும் தண்ணீருக்கு ஆக்ஸிஜன் கொடுப்பது ஆக்ஸைடு, வாயுவில் உள்ள ஆக்ஸிஜன் அந்தக் குழியை நிரப்புவதோடு சரி. நிரப்ப ஆள் இல்லாவிட்டால் ஃபெர்ரிக் மாலிப்டேட் ஃபெரஸ் மாலிப்டேட்டாகி நிறம் கறுக்கும்.

எண்கள் வந்ததும் அவற்றைப் படிக்கத் தெரிய வேண்டும், உண்மையான வேலை இங்கேதான். குறைந்த வெப்பத்தில் டைமெத்தில் ஈதர் கொஞ்சம் வருவது இயல்பு, அமிலத் தளங்கள் வேலை செய்கின்றன, சூடு ஏறினால் குறையும். கன்வெர்ஷன் (உள்ளே போன மெத்தனாலில் மாறிய சதவீதம்) 90-ஐத் தாண்டும்போது கார்பன் மோனாக்ஸைடு ஏறினால் உருவான ஃபார்மால்டிஹைடு வெளியேறாமல் மேலும் ஆக்ஸிஜனேற்றம் ஆகிறது என்று அர்த்தம், அதற்கு ஓட்டத்தைக் கூட்டலாம், சூட்டைக் குறைக்கலாம், கேட்டலிஸ்ட் தயாரிப்பில் தவறு தேட வேண்டியதில்லை. ஆனால் 20, 30 சதவீத கன்வெர்ஷனிலேயே கார்பன் டை ஆக்ஸைடு வந்தால் அது வேறு வியாதி, இரும்பு ஆக்ஸைடு வெளியே திறந்து கிடக்கிறது. சூட்டை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது, திரும்பப் போய் விகிதத்தையும் பி.எச்.ஐயும் பார்க்க வேண்டும். உங்கள் 1.5 சாம்பிளும் வெறும் இரும்பு ஆக்ஸைடு சாம்பிளும் இந்த இடத்தில்தான் உதவும், பக்கத்தில் வைத்தால் எது எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடனே தெரியும். இரண்டு கேட்டலிஸ்டை ஒப்பிடும்போது ஒரே வெப்பத்தில் ஒப்பிடாதீர்கள், ஒரே கன்வெர்ஷனில் ஒப்பிடுங்கள். தொழிற்சாலையில் கன்வெர்ஷன் 98-க்கு மேல், ஃபார்மால்டிஹைடு 92 முதல் 95 சதவீதம் வரை எடுக்கிறார்கள். லேபில் அதை எட்டிவிட்டோம் என்று ஒரே நாள் ஓட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ஏனென்றால் நாலு மணி நேரத்தில் எல்லா கேட்டலிஸ்டும் நல்ல கேட்டலிஸ்ட்தான். குறைந்தது மூன்று நாள் 300 டிகிரிக்கு மேல் நிறுத்தாமல் ஓட்டுங்கள். மாலிப்டினம் மெத்தனாலோடு சேர்ந்து ஆவியாகக்கூடிய ஒன்றாக மாறி வாயுவோடு நகரும், ரியாக்டரின் குளிர்ந்த முனையில் திரும்ப ஊசி ஊசியாகப் படியும். தொழிற்சாலைக் குழாய்களில் ஓரிரு வருடத்தில் கேட்டலிஸ்டை மாற்றுவதற்கு முக்கியக் காரணம் இதுவே. மெத்தனால் அடர்த்தியாகவும் சூடு உச்சத்திலும் இருக்கிற முன்பகுதிதான் முதலில் வெறுமையாகும், படிந்த ஊசிகள் பின்னால் வழியை அடைத்து அழுத்தத்தை ஏற்றும். அதனால்தான் அங்கே கேட்டலிஸ்ட் வளையங்களோடு வேலை செய்யாத வளையங்களையும் கலந்து முன்பகுதியை நீர்த்து வைக்கிறார்கள்.

ஓட்டி முடித்ததும் கேட்டலிஸ்டை மொத்தமாகக் கொட்டிக் கலந்துவிடாதீர்கள். குழாயை நிமிர்த்திப் பிடித்து, மேலடுக்கு, நடு, கீழடுக்கு என்று மூன்று சின்னப் பாட்டிலில் தனித்தனியாக எடுங்கள். கண்ணாலேயே தெரியும், வாயு நுழையும் மேல்பக்கம் பழுப்பு ஏறியிருக்கும், கீழே இன்னும் மஞ்சள்பச்சை இருக்கும், கேட்டலிஸ்டைத் தாங்கும் குவார்ட்ஸ் வுல்லுக்குக் (குவார்ட்ஸ் பஞ்சு) கீழே சுவரில் வெளிறிய ஊசிகள் ஒட்டியிருந்தால் அதையும் சுரண்டி நாலாவது பாட்டிலில் போடுங்கள். சிலிக்கன் கார்பைடு கறுப்பாகவும் எடையாகவும் இருப்பதால் பெரும்பகுதியைப் பிரித்துவிடலாம், மீதி இருந்தாலும் ராமனில் லேசரைத் துகள் மேல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். நாலு பாட்டிலுக்கும் ராமன் எடுத்து, 819-க்கும் 782-க்கும் உள்ள விகிதத்தை மேலிருந்து கீழே வரிசையாக ஒரே படத்தில் போடுங்கள். அதற்குப் பக்கத்தில் மூன்று நாள் கார்பன் டை ஆக்ஸைடு கோட்டையும் வைத்து கைடிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.